கானாவில் ராணுவம் ஏன் திரும்பத் திரும்ப வந்தது?

கேள்வி இதுதான்: "ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம்கூட ஆகாமல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது ஏன்? தளபதிகளின் பதவி ஆசையா, வெளிநாட்டுச் சதியா? ஒருமுறை நடந்ததோடு நிற்காமல் திரும்பத் திரும்ப நடப்பது ஏன்?"

ஐம்பது சொச்சம் நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பதில் சொன்னால் எந்த நாட்டைப் பற்றியும் ஒன்றும் சொன்னதாகாது. அதனால் எனக்கு ஓரளவு தெரிந்த ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். தலைநகர் அக்ராவுக்குப் பக்கத்தில் உள்ள தேமா துறைமுக நகரில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். கானாவில் 1966, 1972, 1978, 1979, 1981 என்று பதினாறு வருடத்துக்குள் ஐந்து முறை ராணுவம் ஆட்சியை மாற்றியது. 1981க்கு அப்புறம் ஒருமுறைகூட இல்லை. நோய் எப்படி வந்தது, எப்படி நின்றது என்று இரண்டையும் பார்க்க இதைவிடத் தோதான நாடு கிடைக்காது.

ஒரு சொல் பற்றி முதலில். நம் செய்தித்தாள்கள் இதை 'ராணுவப் புரட்சி' என்று எழுதிப் பழகிவிட்டன. ஆட்சியைப் பிடித்தவர்களுக்கும் அந்தச் சொல்தான் பிடிக்கும். நான் ஆட்சிக் கவிழ்ப்பு என்றே எழுதுகிறேன்.

கானாவுக்குப் பிரிட்டிஷ் காலத்துப் பெயர் கோல்டு கோஸ்ட். பிரிட்டிஷார் அங்கே வைத்திருந்த படைக்குப் பெயர் கோல்டு கோஸ்ட் ரெஜிமென்ட். சிப்பாய்களைப் பெரும்பாலும் வடக்கிலிருந்து எடுத்தார்கள். தெற்கில் பள்ளிக்கூடம், கோகோ தோட்டம், கடற்கரை வணிகம் எல்லாம் இருந்தன. வடக்கில் பெரிதாக எதுவும் வர விடவில்லை. தெற்கத்திக்காரர்களோடு உறவோ பேச்சோ இல்லாத ஆள்தான் தெற்கில் கலகம் வந்தால் சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. படையில் பேசிய மொழி ஹௌசா. அதிகாரிகள் வெள்ளைக்காரர்கள். வெளிநாட்டு எதிரியோடு சண்டை போட்டதும் உண்டு, இரண்டாம் உலகப் போரில் பர்மா வரை போனார்கள். ஆனால் அந்தப் படையின் அன்றாட வேலை உள்ளூரை அடக்கி வைப்பதுதான். சுதந்திரம் வந்ததும் கொடி மாறியது, பாட்டு மாறியது; படை அப்படியே கைமாறியது.

பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் கதை சுவாரஸ்யமானது. 1948 பிப்ரவரி 28 அன்று, சொன்ன ஓய்வூதியத்தைக் கொடுங்கள் என்று கேட்டு முன்னாள் வீரர்கள் அக்ராவில் ஆளுநர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போனார்கள். சுடச் சொன்னபோது உள்ளூர் போலீஸ்காரர்கள் தயங்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரி துப்பாக்கியை வாங்கித் தானே சுட்டார். மூன்று பேர் செத்தார்கள். அதையொட்டி வெடித்த கலவரத்தில்தான், பின்னால் நாட்டின் முதல் தலைவரான குவாமே நுக்ரூமாவையும் கூட்டாளிகளையும் கைது செய்தார்கள். அங்கிருந்து ஒன்பது வருடத்தில், 1957 மார்ச் 6 அன்று, நாடு விடுதலை அடைந்தது. ஆக, விடுதலைக் கதையின் தொடக்கத்திலேயே சிப்பாயின் சம்பளக் குறை இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

நுக்ரூமா பிரிட்டிஷ் அதிகாரிகளை உடனே அனுப்பவில்லை. படைத் தலைவராக இருந்த ஜெனரல் அலெக்சாண்டரை 1961 செப்டம்பரில்தான் திடீரென்று நீக்கினார். அந்த வருடங்களில் காலியான நாற்காலிகளில் உள்ளூர் அதிகாரிகள் வேகமாக ஏறினார்கள். பத்து வருடத்தில் ஏற வேண்டிய படிகளை மூன்று நான்கு வருடத்தில் ஏறியவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல காரியம். உள்ளே வேறு ஒன்று நடந்தது. மேலே இருப்பவர் தகுதியால் வந்தாரா, சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றதால் வந்தாரா என்ற சந்தேகம் கீழே இருப்பவர்களுக்கு வந்துவிட்டது. மேலே இருப்பவருக்கும் வயது நாற்பதுதான். அவர் ஓய்வு பெறும் வரை காத்திருந்தால் தனக்கு நரைத்துவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

அடுத்தது நுக்ரூமாவின் பயம். அது வெறும் பிரமை இல்லை. 1962 ஆகஸ்டில் குலுங்குகு என்ற ஊரில் அவர் மேல் கையெறி குண்டு வீசினார்கள். 1964 ஜனவரியில் அவரது மாளிகை வளாகத்திலேயே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர் சுட்டதில் மெய்க்காவலர் இறந்தார். நுக்ரூமா போலீஸிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கினார். தனக்கென்று ஒரு தனிக் காவல் படையைப் பெருக்கினார். சோவியத் உதவி, நல்ல சம்பளம், புது ஆயுதம் எல்லாம் அதற்குப் போயின. வழக்கமான படையில் சீருடை நைந்து, பூட்ஸ் தேய்ந்து கிடந்தது. ராணுவத்தைப் பார்த்துப் பயந்து அதற்குப் போட்டியாக இன்னொரு படையை வைத்தால் ராணுவம் என்ன செய்யும்? 1965இல் படையின் முதல் இரண்டு இடங்களில் இருந்த ஓட்டு, அன்க்ரா என்ற இரண்டு மேஜர் ஜெனரல்களை வீட்டுக்கு அனுப்பினார். விசாரணை இல்லாமல் சிறை வைக்கும் சட்டம் 1958இலேயே வந்துவிட்டது. 1964இல் ஒரே கட்சி ஆட்சி. விடுதலைப் போராட்டத்தின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜே.பி. டாங்குவா 1965இல் காவலில் இருந்தபடியே செத்துப்போனார். தேர்தலில் தோற்கடிக்க வழியே இல்லாத தலைவர் ஆகிவிட்டார் நுக்ரூமா.

இதற்கெல்லாம் அடியில் கோகோ. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். விவசாயியிடம் ஒரு நிர்ணய விலைக்கு வாங்கி, உலகச் சந்தையில் விற்று, நடுவில் நிற்பதை அரசு எடுத்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டைத் தொடங்கியதே பிரிட்டிஷ் அரசுதான், நுக்ரூமா அதை விடாமல் பிடித்துக்கொண்டார். 1964-65இல் கானாவில் ஐந்தரை லட்சம் டன்னுக்கு மேல் கோகோ விளைந்தது, அதுவரை காணாத விளைச்சல். அதே நேரத்தில் உலக விலை, 1954இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் கால்பங்காக விழுந்தது. கடையில் சர்க்கரை இல்லை, பால் மாவு இல்லை. அகோசோம்போவில் வோல்டா அணையை 1966 ஜனவரி 22 அன்று நுக்ரூமா திறந்து வைத்தார். இன்றும் கானாவுக்கு மின்சாரம் தரும் அணை அது. அதைத் திறந்து ஐந்தாவது வாரத்தில் அவர் ஆட்சி போயிற்று.

வியட்நாம் போரை நிறுத்தப் பேசிப் பார்க்கிறேன் என்று அவர் ஹனோய்க்குக் கிளம்பியிருந்தார். வழியில் பீகிங் (இன்றைய பெய்ஜிங்). இங்கே வடக்கில் உள்ள தமாலேயிலிருந்து சுமார் 600 வீரர்கள் தெற்கு நோக்கி நகர்ந்தார்கள். ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) போகப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அந்தச் சமயம் ரொடீசிய வெள்ளையர் அரசை எதிர்த்துப் படை அனுப்புவதாக நுக்ரூமா பேசிக்கொண்டிருந்தார். குமாசி படைப்பிரிவின் தலைவர் கர்னல் கொட்டோகா, அவருக்குக் கீழே மேஜர் அஃப்ரிஃபா, போலீஸ் தலைவர் ஹார்லி ஆகியோர்தான் திட்டம் போட்டவர்கள். பிப்ரவரி 24 விடிகாலையில் படைத் தலைவர்களில் ஒருவரான ஜெனரல் பார்வாவை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். மாளிகைக் காவல் படை மட்டும் சில மணி நேரம் எதிர்த்தது. காலை ஆறு மணிக்கு வானொலியில் கொட்டோகாவின் குரல் கேட்டது. நுக்ரூமாவுக்கு விஷயம் தெரிந்தது பீகிங்கில். நாடு திரும்பவே இல்லை; 1972இல் ருமேனியாவில் இறந்தார். அக்ரா தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினார்கள், அவர் சிலையை இழுத்துப் போட்டார்கள். இதை மறைப்பது நேர்மை ஆகாது.

அமெரிக்கச் சதியா? சதி நடப்பது வாஷிங்டனுக்குத் தெரியும். கானாவில் சில ராணுவ, போலீஸ் புள்ளிகள் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிடுகிறார்கள் என்று வெள்ளை மாளிகை அதிகாரி ராபர்ட் கோமர் 1965 மே மாதமே எழுதிய குறிப்பு பின்னால் வெளியாகியிருக்கிறது. கவிழ்ப்பு முடிந்ததும் அதே ஆள் ஜனாதிபதி ஜான்சனுக்கு எழுதும்போது இதை எதிர்பாராமல் விழுந்த லாபமாகச் சொல்கிறார். நுக்ரூமா கேட்ட உதவியை மேற்கு நாடுகள் கொடுக்கவும் இல்லை. என் கருத்து இது: வெளியார் எண்ணெய் ஊற்றியிருக்கலாம், விறகு உள்ளூரில் அடுக்கி வைத்தது. சதி மட்டுமே காரணம் என்பவர்களால் அடுத்த நான்கு கவிழ்ப்புகளுக்குப் பதில் சொல்ல முடிவதில்லை.

பதவி ஆசை என்ற பதிலும் அப்படித்தான். ஆசை எல்லா நாட்டு அதிகாரிக்கும் உண்டு. கானாவில் மாறிப்போனது ஒரு கர்னல் வெற்றி பெற்றுவிட்டார் என்பது. மேலதிகாரி சொன்னால் கீழே இருப்பவன் கேட்பான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் ராணுவம் நிற்கிறது. அதை மீறிய ஒருவர் மறுநாள் நாட்டை ஆளும் குழுவில் உட்கார்ந்தார், ஜெனரலும் ஆனார். பாராக்கில் இருந்த ஒவ்வொருவனும் அதைப் பார்த்தான்.

பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. 1967 ஏப்ரல் 17 அன்று ஹோ என்ற எல்லைப்புற ஊரிலிருந்து லெப்டினன்ட் சாமுவேல் ஆர்தர் சுமார் 120 பேரோடு அக்ராவுக்குள் நுழைந்தார். அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'கிட்டார் பாய்'. ஆட்சியைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் கொட்டோகாவைப் பிடித்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆர்தருக்கும் இன்னொரு லெப்டினன்டுக்கும் மக்கள் பார்க்க மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்த விமான நிலையத்துக்குக் கொட்டோகாவின் பெயரை வைத்தார்கள். ஊருக்குள் வந்தால் நுக்ரூமாவின் நினைவிடம். கவிழ்த்தவர், கவிழ்க்கப்பட்டவர் இருவருக்கும் ஒரே ஊரில் மரியாதை செய்தார்கள். கானாக்காரர்களிடம் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

1969இல் தேர்தல் வைத்து, பேராசிரியர் புசியாவிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். நல்ல படிப்பாளி, ஆனால் பொறுமை இல்லை. வந்ததும் 568 அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பினார். சல்லா என்பவர் வழக்குப் போட்டார். அரசுத் தரப்பு வாதம் வேடிக்கையானது: 1966 கவிழ்ப்பு பழைய சட்ட ஒழுங்கையே அழித்துவிட்டது, அதனால் அதற்கு முன்பு உண்டான பதவிகளும் ராணுவம் உண்டாக்கியவை போலத்தான், அவற்றிலிருந்து ஆளை நீக்கலாம் என்று ஹான்ஸ் கெல்சன் என்ற ஆஸ்திரிய அறிஞரின் தத்துவத்தைக் கொண்டுவந்தார்கள். (இதே கெல்சனை வைத்துத்தான் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1958இல் அயூப் கான் கூட்டத்தின் கவிழ்ப்புக்கு முத்திரை குத்தியது.) கானா நீதிபதிகள் ஏற்கவில்லை, சல்லா ஜெயித்தார். யாரையும் வேலைக்கு வைக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று புசியா வானொலியில் பேசினார். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரே தீர்ப்பை மதிக்காவிட்டால், துப்பாக்கி வைத்திருப்பவன் எதை மதிப்பான்?

1971 டிசம்பரில் புசியா நாட்டு நாணயமான சீடியின் மதிப்பை 40 சதவீதத்துக்கு மேல் குறைத்தார். ராணுவ அதிகாரிகளின் படிகளையும் (அலவன்ஸ்) வெட்டியிருந்தார். அவர் சிகிச்சைக்காக லண்டன் போயிருந்தபோது, 1972 ஜனவரி 13 அன்று, கர்னல் அச்சியாம்பாங் ஆட்சியைப் பிடித்தார். நுக்ரூமா காலத்தில்கூட எங்களுக்கு இருந்த வசதிகளை இவர் பிடுங்கிவிட்டார் என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார். 1948 ஊர்வலத்தின் அதே குறைதான், இந்த முறை கேட்டவர்கள் கையில் ஆயுதம் இருந்தது. தேதியைக் கவனியுங்கள்: பக்கத்து நாடான டோகோவில் ஜனாதிபதி ஒலிம்பியோவைச் சுட்டுக் கொன்றது 1963 ஜனவரி 13, அங்கே எயடெமா ஆட்சியைப் பிடித்தது 1967 ஜனவரி 13. மேற்கு ஆப்பிரிக்காவில் அந்தத் தேதியில் வானொலியைப் போடவே யோசிக்க வேண்டும் போல.

அச்சியாம்பாங் முதல் இரண்டு வருடம் பெயர் வாங்கினார், வெளிநாட்டுக் கடனைக் கட்ட மாட்டோம் என்றார், விவசாயத்தைத் தூக்கினார். அப்புறம் எல்லாம் சரிந்தது. 1977இல் பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டியது. இறக்குமதி உரிமம் வேண்டியவர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அந்தச் சீட்டையே விற்றார்கள். கள்ளச் சந்தைக்கு 'கலபுலே' என்று ஒரு சொல்லே பிறந்தது. கோகோவை மூட்டை மூட்டையாக எல்லை தாண்டி டோகோவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் கடத்தினார்கள். 1978 ஜூலையில் சக ஜெனரல்களே அச்சியாம்பாங்கை ராஜினாமா செய்ய வைத்தார்கள். விசாரணை இல்லை. பதவியைப் பறித்து ஊரோடு இரு என்று அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ஜெனரல் அக்குஃபோ.

கீழ்மட்ட வீரர்களுக்கு இதுதான் தாங்கவில்லை. நாட்டை ஆண்டு சம்பாதித்தது பெரிய அதிகாரிகள். சந்தைக்குப் போனால் சீருடையைப் பார்த்துத் திட்டு வாங்குவது தாங்கள். 1979 மே 15 அன்று விமானப் படையின் ஃப்ளைட் லெப்டினன்ட் ஜெர்ரி ராலிங்ஸ் ஒரு சிறு கலகம் செய்து பிடிபட்டார். ராணுவ நீதிமன்றத்தில் வெளிப்படையாக விசாரித்ததுதான் அரசு செய்த தவறு. அரசுத் தரப்பு வக்கீல் அவருடைய நோக்கங்களை வாசிக்க வாசிக்கக் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். என் ஆட்களை விட்டுவிடுங்கள், பொறுப்பு என்னுடையது என்று அவர் சொன்னது நாடு முழுவதும் பரவியது. ஜூன் 4 அன்று சிப்பாய்கள் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்து நேரே வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அடுத்த மூன்று வாரத்தில் டெஷி துப்பாக்கிப் பயிற்சித் திடலில் எட்டு மூத்த அதிகாரிகளைச் சுட்டார்கள். ஜூன் 16 அன்று அச்சியாம்பாங்கும் இன்னொருவரும், 26 அன்று மீதிப் பேர். அதில் மூவர் நாட்டை ஆண்டவர்கள்: அச்சியாம்பாங், அக்குஃபோ, அப்புறம் 1966இல் மேஜராகத் தொடங்கிப் பின்னால் நாட்டுத் தலைவராகவே ஆன அஃப்ரிஃபா. இந்த அஃப்ரிஃபா முன்பே அச்சியாம்பாங்குக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ராணுவம் இனி அரசியலுக்கு வரக் கூடாது என்று பாடம் புகட்ட நம்மையெல்லாம் வரிசையாக நிறுத்திச் சுட்டால் என்ன செய்வது என்று அதில் கவலைப்பட்டிருந்தார்.

பதவிப் படிகளை எண்ணிப் பாருங்கள். 1966இல் கர்னலும் மேஜரும். 1967இல் லெப்டினன்ட், தோல்வி. 1979இல் ஃப்ளைட் லெப்டினன்ட், அவருக்குப் பின்னால் சிப்பாய்கள். 1983 ஜூனில் ராலிங்ஸையே கவிழ்க்க வந்து வானொலி நிலையத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருந்தவர்கள் சார்ஜெண்ட், கார்ப்பரல் அளவிலான ஆட்கள். கேள்வியின் மூன்றாவது பகுதிக்கு என் பதில் இதுதான்: ஒவ்வொரு கவிழ்ப்பும் பெரும்பாலும் அடுத்ததை ஒரு படி கீழே தள்ளி வைக்கிறது. கானா மட்டும் இல்லை. சியரா லியோனில் 1967இல் பிரிகேடியர், அவரைப் பிடித்து உள்ளே வைத்த மேஜர்கள், 1968இல் அந்த மேஜர்களைப் பிடித்த சார்ஜெண்டுகள். புர்கினா ஃபாஸோவில் 2022 ஜனவரியில் லெப்டினன்ட் கர்னல் டமிபா வந்தார். அதே வருடம் செப்டம்பரில் அவரைக் கேப்டன் த்ராவோரே கவிழ்த்தார்.

ராலிங்ஸ் முதல் முறை நான்கே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட லிமானிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டார். அதற்குள் சிப்பாய்கள் விலைவாசிக்குக் காரணம் சந்தைப் பெண்கள்தான் என்று அக்ராவின் மகோலா சந்தையை இடித்துத் தள்ளியிருந்தார்கள். விலை இறங்கவில்லை. 1981 டிசம்பர் 31 அன்று திரும்ப வந்தார், பத்தொன்பது வருடம் இருந்தார். 1982 ஜூன் 30 இரவு மூன்று நீதிபதிகளையும் ஓய்வு பெற்ற ஒரு மேஜரையும் வீட்டிலிருந்து கடத்திக் கொன்றார்கள். அந்த நீதிபதிகள், 1979இல் சிப்பாய்கள் சிறையில் போட்டவர்களின் வழக்குகளை விசாரித்தவர்கள். 1983இல் வறட்சி, காட்டுத் தீ. அந்த வருடம் ஜனவரியில்தான் நைஜீரியா பத்து லட்சம் போல கானாக்காரர்களைத் துரத்தியது (1969இல் புசியா நைஜீரியர்களைத் துரத்தியதற்குப் பதில் என்று இன்றும் சொல்வார்கள்). தேமாவில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்லும்போது தன் கழுத்தெலும்பைத் தொட்டுக் காட்டினார். பட்டினியில் துருத்திக்கொண்டு நின்ற அந்த எலும்புக்கு ஊரில் 'ராலிங்ஸ் சங்கிலி' என்று பெயராம். 1983-84இல் கோகோ விளைச்சல் ஒன்றரை லட்சம் டன்னை ஒட்டி வந்து நின்றது.

அப்புறம் எப்படி நின்றது? ராலிங்ஸ் திருந்தினார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பல விஷயங்கள் கூடி வந்தன. தன்னைக் கொண்டுவந்த சிப்பாய்க் குழுக்களையே அவர் அடக்கினார். ஏனென்றால் அடுத்து யார் வருவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஐ.நா. அமைதிப் படைக்கு ஆள் அனுப்புவது பெரிய வடிகாலாக இருந்தது. 1979 முதல் லெபனானுக்குப் படை போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை போய் வந்தால் சிப்பாய்க்குக் கையில் டாலர் நிற்கும், ஊரில் ஒரு வீடு எழும்பும். வரிசையில் தன் முறை வரும் வரை ஒழுங்காக இருக்க அது ஒரு காரணம். 1983 முதல் சர்வதேச நாணய நிதியத்தின் கடனை நம்பி நாடு ஓடியது. பனிப்போர் முடிந்ததும் கடன் கொடுத்தவர்கள் தேர்தல் வை என்றார்கள். 1992இல் புது அரசியல் சட்டம், தேர்தல். ராலிங்ஸே நின்று ஜெயித்தார். 2000 தேர்தலில் அவர் கட்சி தோற்றது, அவர் வீட்டுக்குப் போனார். 2008இல் நாற்பதாயிரம் சொச்சம் வாக்கில் முடிவானபோதும் தோற்ற கட்சி ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. நுக்ரூமா காலத்தில் இல்லாமல் போன ஒரு வழி இருந்ததால், வேறு வழியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. 1992 அரசியல் சட்டம் கவிழ்ப்பை எதிர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று எழுதிவிட்டு, பின்னிணைப்பில் அதுவரை கவிழ்த்த எல்லோருக்கும் பாதுகாப்பும் கொடுத்தது. எந்த நீதிமன்றமும் அவர்களை விசாரிக்க முடியாது. சுட்டுக் கொல்லப்பட்ட எட்டு அதிகாரிகளின் குடும்பங்களுக்கு எலும்பு கிடைத்ததே ராலிங்ஸ் போன பிறகுதான். 2001இல் தோண்டி எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் அமைத்த தேசிய நல்லிணக்க ஆணையத்தின் முன் 2004இல் ராலிங்ஸ் வந்து உட்கார்ந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், எழுந்து வீட்டுக்குப் போனார்.